கத்தரிப்பூ நிறம்

சென்ற முறை இதே இடத்தில் எட்டாம் வகுப்புத் தங்கை கருப்பட்டி காய்ச்சுவது பற்றி எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் எனக்கும் எங்கள் பட்டறை பற்றி எழுத ஆசை வந்தது. அருவாள் என்றாலே பல பேருக்கு சினிமாச் சண்டைதான் ஞாபகம் வரும். என்னையே "அருவா" என்று கூப்பிடும் ஆட்கள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். (யார் என்று அவர்களுக்கே தெரியும்.) எங்க வீட்டில் அருவாள் என்றால் சோறு.

வெட்டருவாளுக்கு எல்லா இரும்பும் ஆகாது. வீடு கட்டும் கம்பியில் அடித்தால் பார்க்க அருவாள் மாதிரியே இருக்கும், ஆனால் வாய் மடங்கிவிடும். அதில் கரி (கார்பன்) 0.3 சதவீதத்துக்கும் கீழேதான். பழைய அரத்தில் கரி அதிகம். சின்னக் கத்திக்கு அது ராஜா. பெரிய அருவாள் செய்து மரத்தில் ஓங்கிப் போட்டால் பட்டென்று உடையும். அதனால் அப்பா லாரியின் வில்லுப் பட்டையைத்தான் எடுப்பார். அதில் கரி சுமார் 0.6 சதவீதம். வளைந்தாலும் நிமிரும். பழைய இரும்புக் கடையில் பட்டையைத் தட்டிச் சத்தம் கேட்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வருமாம்.

இரும்பு பாதிதான். மீதி துவைச்சலில் இருக்கிறது. அடித்து முடித்த அருவாளை உலையில் செவக்கக் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். அது சுமார் 770 டிகிரி என்று அறிவியல் டீச்சர் சொன்னார்கள். அப்பாவுக்கு டிகிரி தெரியாது, காந்தம் தெரியும். பிறகு வாய்ப்பக்கத்தை மட்டும் பழைய இன்ஜின் ஆயிலில் முக்குவார். பட்டைக்குத் தண்ணீர் ஆகாது, வெடித்துவிடும். இப்போது வாய் கண்ணாடி மாதிரி கெட்டி. கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும்.

அதனால் வெளியே எடுத்து, செங்கல் துண்டால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதுகில் இருக்கும் சூடு மெதுவாக வாய்க்கு இறங்கும். அப்போது நிறங்கள் ஓடி வரும் பாருங்கள், அவ்வளவு அழகு! முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் வெல்ல நிறம், அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். கத்தரிப்பூ நிறம் வாய்க்கு வந்த நொடியில் முழுசாக முக்கிவிட வேண்டும். வைக்கோலில் நிறுத்தினால் கூர் நல்லா நிற்கும், ஆனால் அடி தாங்காது. நீலத்தைத் தாண்டிவிட்டால் வாய் மெத்து மெத்தென்று ஆகிவிடும்.

போன வருஷம் அப்பாவுக்கு வலது கண்ணில் பொறி விழுந்து கட்டுப் போட்டிருந்தார்கள். இடது கண்ணிலும் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. "தாயி, நீ நெறத்த மட்டும் பாத்துச் சொல்லு"ன்னு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அன்றைக்குத் தெருவில் பிள்ளைகள் எல்லாம் திருவிழாவுக்குக் கிளம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வைக்கோல் நிறம்தான் வந்திருந்தது. நான் "வந்துருச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். அப்பா முக்கினார். நான் ராட்டினம் ஏறப் போய்விட்டேன்.

அந்த அருவாளை வாங்கியவர் பக்கத்து ஊர் அண்ணன். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுபவர். பதினோராம் நாள் நொண்டிக்கொண்டே வந்தார். வாயில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து, அந்தத் துண்டு அவர் காலில் பாய்ந்திருந்தது. நான்கு தையல். அவர் கோபப்படவில்லை. "ஒங்க அருவான்னு நம்பித்தான் ஓங்குனேன் ஆசாரியாரே" என்று மட்டும் சொன்னார். அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அப்பா பட்டையைத்தான் குற்றம் சொன்னார். "உள்ளுக்குள்ள விரிசல் இருந்திருக்கும், எனக்குத்தான் கண்ணு தெரியல" என்றார். அதே லாரியில் கழற்றிய மூன்று பட்டைகள் மிச்சம் இருந்தன. அத்தனையையும் ஒதுக்கி மூலையில் போட்டுவிட்டு, கடன் சொல்லி வேறு பட்டை வாங்கி வந்தார். அந்தப் பட்டையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அந்த மூலையைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். பரீட்சையில் காப்பி அடித்தவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் அம்மாவிடம்தான் முதலில் அழுதேன். அம்மா, "ஒப்பாட்டப் போய் நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒதுக்கிப் போட்ட பட்டையில் ஒன்றை எடுத்து உலையில் வைத்தார். அவர் கண் அப்போது நன்றாகிவிட்டது. இருந்தும் துவைச்சல் நேரத்தில் என்னைத்தான் கூப்பிட்டார். எண்ணெயில் முக்கி எடுத்துத் தேய்த்துவிட்டு, "சொல்லு" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வைக்கோல் வந்தது. வெல்லம் வந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கத்தரிப்பூ வாயைத் தொட்டதும் கத்திவிட்டேன்.

ஆறிய பிறகு காய்ந்த கருவேலங்கட்டையில் மூன்று போடு போட்டார். வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரம் முழுக்கத் தடவினார். என்னிடமும் நீட்டினார், நானும் தடவினேன். அதை அந்த அண்ணனுக்குச் சும்மாவே கொடுத்தோம். கொடுக்கும்போது என்னையும் கூட்டிப் போனார் அப்பா. "தப்பு எம்மேலதான் அண்ணே" என்று சொன்னேன். அவர் காலைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டு, அருவாளை வாங்கிக் கூரையில் சொருகிக்கொண்டார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி