விடுத்தலும் சுருக்கலும்

விரதம் என்றால் உண்ணாதிருத்தல் என்றே பலர் கொள்வர். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையில் தந்த விளக்கமோ அதனினும் ஆழமானது. மனம் பொறிகளின் வழியே ஓடாது நிற்றலே அவர் கருதிய நோக்கம். உணவை முற்றாக விடுதலும் குறைத்தலும் அதற்குரிய வழிகளே. குறைத்தலுக்கும் அவர் இடந்தந்தமை கவனித்தற்குரியது. இன்று தீவகத்து இல்லங்களில் மனத்தை இழுத்துச் செல்வது சோற்றுப்பானையா, உள்ளங்கையில் ஒளிரும் திரையா என வினவின், விடை கூறப் பண்டிதர் எவரும் வேண்டியதில்லை.

ஆயினும் இங்கு இணையத்தைத் துறப்பது பற்றிச் சற்றுத் தயங்கியே பேசல் வேண்டும். இம்மண் இல்லாமையை நன்கறியும். நெடுந்தீவுக்குக் கடிதம் கடல் கடந்தே வந்தது. காற்றுக் கடுத்தால் படகு நிற்கும், கடிதமும் நிற்கும். 1990 இல் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. பிள்ளை உயிருடன் உளனோ என்றறியத் தாய்மார் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். அதனை எவரும் விரதம் என்னார். பட்டினி வேறு, விரதம் வேறு. உணவிருந்தும் உண்ணாதவனே விரதி. 2009 இல் போர் முடிந்து, கைத்தொலைபேசி வழியே இணையம் வீடுதோறும் புகுந்த பின்னரே இவ்விரதம் தீவகத்திற் கைகூடுவதாயிற்று.

ஏனைய சமயத்தாரும் இதனை எண்ணியுள்ளனர். 2009 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், வெள்ளிக்கிழமைகளிற் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தவிர்க்குமாறு இத்தாலியின் மொடேனா மறைமாவட்டம் தன் மக்களைக் கேட்டது. குறுஞ்செய்தியோடு தொல்லை முடிந்த காலம் அது, பாக்கியவான்கள்!

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழாவிற் குறிகாட்டுவானிலிருந்து படகேறி வந்தவர் பலர், தேர் அசையும் கணத்திற் கைகூப்பாது திரையை உயர்த்துகின்றனர். அத்திரையின் மறுமுனையில், இலண்டனில் ஒருவர் கைகூப்பி நிற்கலாம். அவருக்கு அதுவே சந்நிதி. ஆதலால் முற்றாக விடுதல் தீவகத்தாருக்கு எளிதுமன்று, தக்கதுமன்று. சுருக்கலே இங்கு பொருந்தும்.

வேலணை மூதாட்டி ஒருவர் சுருக்கிய விதம் இது. கந்தசஷ்டியின் ஆறு நாளும் ஒருபொழுது பாலும் பழமும் கொள்பவர் அவர். மகன் ரொறன்ரோவில், மகள் பாரிசில். கணவர் மறைந்தபின் பகல் முழுதும் கைத்தொலைபேசியே துணை: எவர் வீட்டுத் திருமணமோ, மரண அறிவித்தலோ, எவரோ சமைக்கும் கறியோ. பசித்த வயிற்றோடு பிறர் சமையலைப் பார்த்திருப்பது என்ன விரதம் என்று தோன்றவே, அதனையும் சுருக்கத் துணிந்தார். ரொறன்ரோவில் விடியும்போது வேலணையில் மாலை. மகன் அழைக்கும் அந்த ஒரு மணிநேரம் மட்டும் இணையம். மகள் மனம் நொந்தாள். நள்ளிரவில் ஏதும் நேர்ந்தால் எவ்வாறறிவது என்றாள். நியாயமான கேள்வி. சாதாரண அழைப்பு மணி மட்டும் ஒலிக்க விடப்பட்டது.

முதலிரு நாளும் கை தானாகவே அலுமாரியை நாடிற்று. உணவை மறுக்கப் பழகிய கைதான் அது! மூன்றாம் நாள், "என்னணை ஆச்சி, சுகமில்லையோ? பதிலொண்டும் காணேல்லை" என்று அயல்வீட்டுப் பெண் வேலிப்பொட்டால் வந்துவிட்டாள். நெடுநாளின் பின் இருவரும் திண்ணையில் இருந்து பேசினர்.

ஏழாம் நாட் பாறணை முடித்து இணையத்தைத் திறந்தபோது செய்திகள் மலையாய்க் குவிந்திருந்தன. அவரையே விசாரித்து வந்தவை ஒருகை விரல்களுள் அடங்கின. அவற்றுக்கு மட்டும் பதில் அனுப்பிவிட்டு, மாலையில் மகனின் அழைப்பு வரும்வரை வைப்போம் என்று கைத்தொலைபேசியை மீண்டும் அலுமாரியில் வைத்தார்.