உறையின் பின்பக்கம்

உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டு அஞ்சல் தலையைப் பிரித்தெடுக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள். வட்ட முத்திரையில் பாதி தலைமேலும் மீதி உறைமேலும் விழுந்து இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தலை அந்த உறையோடுதான் பயணம் போனது என்று நம்பலாம். கத்தரித்த துண்டுக்கு யாரும் பெரிதாக விலை தருவதில்லை.

எனக்கு இந்த முத்திரை சேர்க்கும் வேலையைக் கற்றுத் தந்த சார், ரயில்வே அஞ்சல் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆடுகிற ரயில் பெட்டியில் நின்றபடியே ஊர் ஊராகக் கடிதம் பிரித்துப்போட்ட கை. உறையைக் கொடுத்தால் முகப்பைப் பார்க்கவே மாட்டார், புரட்டுவார். புறப்பட்ட ஊர் முன்னால் குத்தும், போய்ச்சேர்ந்த ஊர் பின்னால் குத்தும். இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள், அன்றைய வண்டியில் அந்த நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்குமா என்று விரலை மடக்கி எண்ணுவார். கணக்கு ஒத்துவந்த பிறகுதான் முகப்புக்கு வருவார். "முன்னாடி எவனும் அழகா குத்திருவான் தம்பி. பின்னாடி குத்த மறந்திருவான்" என்பார்.

அடுத்தது குத்து. இரும்பு முத்திரை ஓங்கி விழுந்த இடத்தில் தாள் லேசாகப் பள்ளம் வாங்கியிருக்கும். கட்டைவிரலால் மெல்லத் தடவினாலே தெரியும். தெரியாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் உறையைச் சாய்த்துப் பிடியுங்கள். பழைய மசி எண்ணெய் விட்டிருந்தால் எழுத்தைச் சுற்றி மஞ்சளாகப் படர்ந்திருக்கும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் அடித்த போலி, லென்ஸுக்கு அடியில் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடும்.

வட்டம் முழுசாக, ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்திருப்பதுதான் நல்ல குத்து. ஆனால் தெளிவு மட்டுமே விலை ஆகாது. மதுரைத் தலைமை அஞ்சலகத்து முத்திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது மலிவுதான். அங்கே குத்தியதற்குக் கணக்கே கிடையாது. சேடபட்டிப் பக்கமோ அலங்காநல்லூர்ப் பக்கமோ, நாளுக்கு நாலைந்து கடிதம் மட்டுமே பார்த்த ஒரு கிளை அஞ்சலகத்து முத்திரை அரைகுறையாக விழுந்திருந்தாலும், ஊர்ப் பெயரைப் படிக்க முடிந்தால் அதை எடுத்து வையுங்கள். மூடிப்போன ஆபீஸ் என்றால் இன்னும் விசேஷம்.

மூடிப்போன ஆபீஸ் என்றாலே எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலோடு போன ஊர். ஒரு பையன் நல்ல விலை கொடுத்துத் தனுஷ்கோடி உறை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். 1964 தொடக்கத்துத் தேதி, வட்டமும் முழுசு. தலையும் அந்தக் காலத்துத் தலைதான். சார் புரட்டினார். மடிப்பில் அனுப்பிய கடையின் முகவரி அச்சடித்திருந்தது. அதன் கடைசியில் ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். ஊர் அழிந்து ஏழு வருஷத்துக்கும் மேல் கழித்து அச்சான உறை. சார் எதுவும் சொல்லவில்லை. அந்த இலக்கத்தின்மேல் லென்ஸை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு உறைக்கச் சற்று நேரமானது.

இப்படிச் சில தேதிகள் நாக்கில் இருக்க வேண்டும். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1; நயா பைசாத் தலைமேல் 1956 முத்திரை இருந்தால் கையைக்கூட வைக்காதீர்கள். இன்லண்ட் லெட்டர் 1950 அக்டோபர் 2-க்கு முன்பு கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து மதுரை முத்திரையில் ஆங்கிலத்தில் 'மதுரா' என்றுதான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது செட்டிநாட்டு உறைகள்தான். ரங்கூன், பினாங்கு, சைகோனிலிருந்து காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்த கடிதங்கள். முகவரியில் செட்டியார்களின் விலாச எழுத்துகளை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளை, தமிழில் எழுதியிருப்பார்கள். சண்டைக் காலத்து உறை என்றால் சென்சார் பிரித்துப் பார்த்து ஒட்டிய சீட்டும் இருக்கும்; அதைக் குப்பை என்று கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய வீடுகள் கைமாறும்போது இவை கட்டுக்கட்டாகப் பேப்பர் கடைக்கு வரும். கணக்குப்பிள்ளைகள் கடிதங்களைக் கம்பியில் குத்தி வைத்ததால் பலவற்றில் நடுவே ஓட்டை. ஓட்டை வெற்றிடத்தில் விழுந்திருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. முத்திரையின் தேதியைத் தின்றிருந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். ஓட்டையை அடைக்கிறேன் என்று செல்லோடேப் ஒட்டாதீர்கள். அந்த மஞ்சள் கறை இராமபாணப் பூச்சியைவிட மோசம்.

புது முத்திரையும் சேர்க்கலாம். மதுரைத் தலைமை அஞ்சலகத்தில் மீனாட்சி கோயில் படம் போட்ட முத்திரை உண்டு. சுத்தமான குத்து வேண்டுமென்றால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மடித்த செய்தித்தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், "சார், இதை அடியிலே வச்சுக் குத்துங்க" என்று கேளுங்கள். மெத்தென்று இருந்தால்தான் வட்டம் நாலா பக்கமும் ஒரே சீராகப் பதியும். மசி தொட்டவுடன் விழும் முதல் குத்து எப்போதும் அப்பிக்கொள்ளும். அதைக் கழிவுத் தாளில் வாங்கிவிடச் சொல்லுங்கள். இரண்டாவது உங்கள் உறையில் விழட்டும். வாங்கியதும் மூடாதீர்கள், மசி காய்கிற வரை அங்கேயே பெஞ்சில் உட்காருங்கள்.