கரியாஹாட்டிலிருந்து நாணல் காட்டுக்கு

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் மீன் விற்கும் பக்கம் காலை ஏழு மணிக்கே தரை சொதசொதவென்று கிடக்கிறது. உயர்ந்த திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, ரூயி மீனை இரண்டாகப் பிளக்கிறார் கடைக்காரர். சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக்காரருக்கு மீன் வேண்டாம், செய்தி வேண்டும். "தாதா, பாக்ரோல் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கும்போதே அவருக்கு நாக்கு கூசியது. தமிழில் தாதா என்றால் வேறு ஆள், இங்கே அண்ணன்.

கடைக்காரர் சிரித்தார். ஹவுரா மாவட்டத்தில் அவர் மாமாவுக்குக் குளம் இருக்கிறதாம். அங்கே பிடிபடும் மீனில் பாக்ரோலுக்கும் ஒரு பங்கு உண்டாம். எந்தக் கரையில் உட்காரும், எந்த மாதம் குட்டியோடு வரும் என்றெல்லாம் செதில் சீவிக்கொண்டே சொன்னார்.

பாக்ரோல் என்பது மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. கட்டைவால், விரல்களுக்கிடையே பாதிச் சவ்வு, தண்ணீர் உடம்பில் ஏறாத அடர்ந்த உள்முடி. மேற்கு வங்கம் இதை 2012-இல் மாநில விலங்காக அறிவித்தது. வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குள்ள அதே முதல் அட்டவணைதான் இதற்கும். ஆனால் புலிக்கு சுந்தரவனம் இருக்கிறது. ஹவுராவின் பாக்ரோல் வாழ்வதோ யாரோ ஒருவரின் குளத்தங்கரையில், பட்டா நிலத்தில். அங்கே வனத்துறை வேலி கிடையாது.

அதனால்தான் கடைக்காரரின் பேச்சு வெறும் அரட்டையாகப் பத்திரிகைக்காரருக்குப் படவில்லை. மறுநாள் ஹவுரா நிலையத்தில் பாக்னான் லோக்கல் ஏறினார். உலுபேரியா தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சூளைப் புகைபோக்கிகள். நடுநடுவே ஆளை மறைக்கும் நாணல். ஊரில் அதற்குக் கோரி என்று பெயர். காதுக்கு நம்மூர்க் கோரை மாதிரி ஒலித்தாலும் புல் வேறு. அதை அறுத்துத்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சுவரும் கூரையும் வேய்கிறார்கள். நம்மூர்க் கொடிக்காலில் அகத்தி நிழல் போதும். வங்காளத்து வெற்றிலைக்கு அறையே கட்டவேண்டும். அந்த அறைக்காக வளர்க்கும் நாணலுக்குள்தான் பகலில் பாக்ரோல் தூங்குகிறது. வெற்றிலைக்கு விலை இருக்கும்வரை நாணலுக்கும் விலை உண்டு. நிலம் சூளைக்கோ தொழிற்சாலைக்கோ கைமாறினால் இரண்டும் போய்விடும்.

ஹவுரா மாவட்டத்தில் 2010 ஏப்ரலிலிருந்து 2011 மே வரை மட்டும் 27 மீன்பிடிப் பூனைகள் செத்துக் கிடந்தது பதிவாகியிருக்கிறது. மீன் போன கோபம் ஒரு காரணம். பெயர் இன்னொன்று. சில இடங்களில் இதை 'மேச்சோ பாக்' என்கிறார்கள். மீன் தின்னும் புலி என்று பொருள். புலி என்று ஒருவர் கத்தினால் கம்பெடுக்காத ஊர் எது?

தியாஸா ஆத்யா போன்ற ஆய்வாளர்கள் மீன்பிடிப் பூனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, குளத்துச் சொந்தக்காரர்களிடமே விலங்கைப் பற்றிக் கேட்டார்கள். ஹீல் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி போய், தானியங்கிக் கேமராவை வீட்டுக் கொல்லையிலேயே வைத்து, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த வீட்டாரிடம் ஒப்படைத்தது. எங்கே கட்டினால் படம் விழும் என்பதைப் படித்தவர்களைவிடக் குளம் வைத்திருப்பவருக்குத்தானே நன்றாகத் தெரியும்?

பாக்னானுக்கு அப்பால் ஒரு குளக்கரையில் பெரியவர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரச்சேற்றைக் காட்டினார். நான்கு விரல், நடுவில் மெத்தை, விரல் முனையில் புள்ளியாக நகக்குறி. பூனைக்கு நகக்குறி விழுமா, நாய் அல்லவா என்றார் பத்திரிகைக்காரர். பெரியவர் தலையாட்டினார். பாக்ரோலின் நகம் உறைக்குள் முழுக்க அடங்காது. சேற்றில் நகம் பட்டுவிடும் என்று விளக்கினார். நூலில் படித்ததோடு அது ஒத்துப்போனது. ஆனால் ஆட்டுக்குட்டி காணாமல் போனதையெல்லாம் அவர் பாக்ரோல் கணக்கிலேயே எழுதினார். நரி, தெருநாய் எதுவும் அவர் பட்டியலில் இல்லை. ஊரார் அறிவு என்றால் எல்லாமே சரி என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த வழக்கைத் தீர்க்கவும் கேமராதான் உதவும், அதுவும் அவர் கொல்லையிலேயே.

ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் இதே வழிதான். அங்கே காப்புக்காட்டுக்கு வெளியே, மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு எடுத்த கணக்கெடுப்பில் 176 மீன்பிடிப் பூனைகள் தேறின. முடிவு 2022-இல் வெளியானது.

ஊராரிடம் கற்கும் இந்தப் பாடம் கொல்கத்தாவுக்கே புதிதல்ல. கரியாஹாட்டிலிருந்து கிழக்கே, பைபாஸ் சாலைக்கு அப்பால், நகரத்துக் கழிவுநீரில் மீன் வளர்க்கும் ஏரிகள் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் அடங்குகின்றன. கழிவுநீரை எப்போது திறந்துவிடுவது, எத்தனை நாள் வெயில் காட்டுவது என்பதெல்லாம் மீன் வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. பொறியாளர் துருவஜோதி கோஷ் அதை அவர்களிடமே கற்று எழுதிவைத்தார். 2002-இல் அந்த நிலம் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது.

இரவு கரியாஹாட்டுக்குத் திரும்பியபோது மேம்பாலத்தடியில் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். பான் கடை மட்டும் திறந்திருந்தது. வெற்றிலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பாக்னான் பக்கம் என்று சொல்லிக்கொண்டே சுண்ணாம்பு தடவினார் கடைக்காரர். பாக்ரோல் பற்றியும் கேட்கலாமென்று வாயெடுத்தவர், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவே பான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.