ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு வார இறுதி

நான்கு மாத ஆய்வு நல்கையில் ஜெர்மனியில் இருந்தேன். கடைசி மாதத்தில் கணவரும் மகளும் அப்பாவும் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பாரிஸ் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. நால்வருக்கான ரயில் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் கூட்டிப் பார்த்த இரவிலேயே பாரிஸ் கைவிடப்பட்டது. ரைன் நதிக்கு அந்தப் பக்கம் இருப்பதும் பிரான்ஸ்தானே என்றார் கணவர். ஸ்ட்ராஸ்பர்க் அப்படித்தான் முடிவாயிற்று.

இதே நிலையில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு உதவக்கூடும் என்பதால் செலவு வழியைச் சொல்லிவிடுகிறேன். தங்கியது ஸ்ட்ராஸ்பர்க்கில் அன்று. ஆற்றின் ஜெர்மன் கரையில் உள்ள கேல் என்னும் சிற்றூரில். அங்கே அறை வாடகை குறைவு. 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கின் டிராம் ஆற்றைக் கடந்து கேல் வரை வருகிறது. பெரியவர்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே நாள்சீட்டு எடுத்தோம். மின்குக்கரில் சோறு, ஊரிலிருந்து வந்த தக்காளித் தொக்கு. அருங்காட்சியகம் எதற்குள்ளும் நுழையவில்லை. பேராலயத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. வோபான் அணையின் மேல்தளத்தில் நின்று பழைய நகரத்தைப் பார்ப்பதற்கும் கட்டணமில்லை. ஒன்றை மட்டும் கணக்கிடத் தவறினோம். ஜெர்மன் ஆட்சிக் காலத்துச் சட்டத்தின் எச்சமாக அல்சாஸ் பகுதியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. கேலிலும் விடுமுறை. தயிருக்காக இரண்டு நாடுகளில் அலைந்து வெறுங்கையுடன் திரும்பினோம்.

சனிக்கிழமை மாலை ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தில் நடந்தோம். அப்பா கடவுச்சீட்டைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். பாலத்தின் நடுவே நின்று, "எங்கம்மா காட்டணும்?" என்றார். காட்ட வேண்டியதில்லை என்றேன். விசாவுக்காக மூன்று முறை வரிசையில் நின்றவருக்கு அது நிம்மதியாக இல்லை, ஏமாற்றமாகவே இருந்தது. 1871, 1918, 1940, 1944 என்று நான்கு முறை இந்நகரம் கைமாறியதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதி கேட்டார்.

மறுநாள் பேராலயம். 142 மீட்டர் உயரம்; 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடம். மேல்தளத்துக்கு 332 படிகள். கட்டணமும் உண்டு என்பதால் கணவரும் மகளும் மட்டும் ஏறினார்கள். முழங்கால் வலியுள்ள அப்பாவை அருகிலிருந்த குட்டன்பர்க் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றேன். இப்பதிவை எழுதத் தூண்டியது அந்த ஒரு மணி நேரம்தான்.

என் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாறு பற்றியது. அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் பெங்களூர் அச்சகமொன்றில் அச்சுக் கோத்தவர். இவ்விரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து நான் எழுதுவது இதுவே முதல் முறை. ஆய்வேட்டின் நன்றியுரையில் 'என் கல்விக்காக உழைத்த பெற்றோர்' என்று எழுதியிருக்கிறேன். என்ன உழைப்பு என்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

சிலையின் கீழ் நின்று விரிவுரையைத் தொடங்கினேன். குட்டன்பர்க் இந்நகரில் ஏறக்குறைய பத்தாண்டுகள் வாழ்ந்ததையும், பேராலயக் கோபுரம் நிறைவுற்ற அதே 1439இல் அவருடைய இறந்துபோன கூட்டாளியின் சகோதரர்கள் அவர்மேல் வழக்குத் தொடுத்ததையும் சொன்னேன். அவ்வழக்கின் சாட்சியங்களில்தான் ஈயமும் அழுத்துபொறியும் பேசப்படுகின்றன. ஒரு பொற்கொல்லர், அச்சு தொடர்பான வேலைக்காகத் தாம் நூறு கில்டர் அளவுக்கு ஈட்டியதாகக் கூறுகிறார். பிறகு பீடத்தின் வெண்கலப் பலகைகளுக்கு வந்தேன். சிலை 1840இல் தாவீத் தாஞ்சே செய்தது. நான்கு பலகைகள், நான்கு கண்டங்களுக்கும் அச்சு வழங்கிய நன்மைகள். ஆசியப் பலகையில் வில்லியம் ஜோன்ஸ் முதலியோர் பிராமணர்களுக்குப் புத்தகங்களைக் கொடுத்துச் சுவடிகளைப் பெறுகிறார்கள். கீழைத்தேயவியல் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும் அந்தப் பலகையின் முன் கொட்டினேன். 1578லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா பலகையைப் பார்க்கவில்லை. குட்டன்பர்க்கின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரத் தாள இப்படியாப் புடிப்பாங்க? மை கையில ஒட்டும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்த அறையில் எந்த எழுத்து என்று விரல்களுக்குத்தான் தெரியும், கண் மூலப்பிரதியில் இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய 'ணை', 'லை' அச்சுகளை என்ன செய்வதென்று முதலாளியும் அவரும் பேசியது, அவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் கல்யாணப் பத்திரிகைகளில் நெடுநாள் ஓட்டியது. இதையெல்லாம் ஆவணக் காப்பகங்களில் தேடிக்கொண்டிருந்தவள் நான்.

"கடைசில எழுத்தெல்லாம் எடைக்குப் போச்சு. நான்தான் மூட்டை கட்டினேன்."

தெரியும் என்றேன். 2001இல் அச்சகம் மூடியது எனக்கு நினைவிருக்கிறது.

"சம்பள பாக்கிக்குப் பதிலா ஈயம் வித்த காசுல ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாங்க. அதுலதான் ஒனக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுனேன்."

அது எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலயே" என்றார். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குள் மகள் ஓடி வந்தாள். மேலிருந்து பார்த்தால் ஜெர்மனி தெரிகிறதாம். கோடு எதுவும் போட்டிருக்கவில்லையாம். தாத்தா அவளுக்கு மீதமிருந்த எலுமிச்சைச் சோற்றை எடுத்துக் கொடுத்தார்.

மாலை டிராமில் அவர் அருகில் அமர்ந்து, பதிவு செய்யட்டுமா என்று அனுமதி கேட்டேன். களப்பணியில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கும் அதே சொற்கள்தான் வாயில் வந்தன. "இதுல என்ன இருக்கு" என்றபடி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பதினொரு நிமிடப் பதிவு. டிராமின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்தாலும் இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, "கேல் வந்துருச்சு, எறங்கும்மா" என்று சொல்வதோடு அது முடிகிறது.