கனத்த கோடும் விட்டுவிட்டுப் போட்ட கோடும்

கட்டட வேலைக்குப் போகிறவர்களில் நம்ம சனங்கள் எத்தனை பேர் என்பதை யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலையில் காலனி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாலே தெரிந்துவிடும். சித்தாள், நிமிந்தாள், கம்பி கட்டுகிறவர், கொத்தனார் என்று தூக்குச்சட்டியோடு நிற்கிற கூட்டம். ஊரில் எழும்புகிற மாடிகள் எல்லாம் இவர்கள் கையால் எழும்புகிறவை. ஆனால் அந்த மாடியின் வரைபடம் இவர்கள் கையில் இருப்பதில்லை. இன்ஜினியர் கையில் இருக்கும், காண்டிராக்டர் கையில் இருக்கும், மிஞ்சிப் போனால் மேஸ்திரி கையில் இருக்கும். சுவரை எழுப்புகிறவன் எட்டிப் பார்த்தால், "ஒனக்கு எதுக்குடா அது, நூல் கட்டுன எடத்துல கல்லு வையி" என்கிறார்கள். வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நாடு இது. இன்றைக்கு ஈயம் காய்ச்சுவதில்லை. காகிதத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் படித்தது தமிழ் எம்.ஏ. கட்டட வரைபடத்தைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் எங்க சித்தப்பா. 25 வருசக் கொத்தனார். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வேலையில் அவருக்குக் காட்டிய பிளான், பெரிய தாளில் இருந்ததைச் சிறிய தாளுக்குச் சுருக்கி, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது. படுக்கையறையில் சுவரை ஒட்டி இரண்டடி தள்ளி ஒரு கோடு ஓடியது. அலமாரித் தடுப்பு என்றார் மேஸ்திரி. சித்தப்பா நாலரை இஞ்சு சுவரை நெஞ்சு உயரத்துக்கு எழுப்பிவிட்டார். மறுநாள் இன்ஜினியர் வந்து பார்த்துக் கத்தியிருக்கிறார். அது சுவரே இல்லை. மேலே வரப்போகிற பரணின் விளிம்பு. அசல் படத்தில் அது மெல்லிசாக, விட்டுவிட்டுப் போட்ட கோடு. சுருக்கி, நகலுக்கு நகல் எடுத்ததில் இடைவெளிகள் அடைந்து முழுக்கோடாகிவிட்டது.

சுவரை இடித்தார்கள். கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் என்று சித்தப்பாவின் நாலு நாள் கூலியைக் காண்டிராக்டர் பிடித்துக்கொண்டான். சுவர் என்று சொன்ன மேஸ்திரிக்குப் பிடித்தம் கிடையாது. அவர் காண்டிராக்டரின் சாதி. கூடவே ஒரு பேச்சு: "காலனிக்காரனுங்களுக்குப் படம் பாக்கத் தெரியுமா?" கூலி போனதைவிட அந்தச் சொல்தான் சித்தப்பாவை அறுத்தது. பதில் சொல்லாமல் அந்த ஜெராக்ஸைக் கேட்டு வாங்கி மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

எங்க அத்தை மக ஐ.டி.ஐ.யில் இரண்டு வருசம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவள். டவுனில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பிளான் போடுகிறாள். எங்கள் இரவுப் பள்ளியில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள்.

"மாமா, கட்டி முடிச்ச ஒரு வீட்டை, தரையிலருந்து நாலடி ஒசரத்துல பெரிய கத்தியால குறுக்க அறுத்துட்டோம்னு வச்சிக்குங்க. மேல்பாதியத் தூக்கி ஓரமா வச்சிட்டு, கீழ்பாதிய மேலருந்து எட்டிப் பாக்குறோம். அப்ப என்ன தெரியுதோ அதான் பிளானு" என்று ஆரம்பித்தாள்.

"ஏந்தாயி, கேக்க அறுத்த மாதிரியா?" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் விசயம் அவ்வளவுதான். கத்தி எதையெல்லாம் அறுத்துக்கொண்டு போகிறதோ அதைக் கனத்த கோட்டால் போடுவார்கள். சுவர், தூண் எல்லாம் இதில் வரும். கத்தி படாமல் கீழே தெரிகிறவற்றை நடுத்தரக் கோட்டால் போடுவார்கள். படிக்கட்டு, சமையல் மேடை, ஜன்னலின் அடிக்கட்டை இப்படி. தரையில் பதிக்கிற கல்லின் கட்டம், அளவுக் கோடு, சுவருக்குள் போடுகிற சாய்கோடு இவையெல்லாம் மிக மெல்லிசு. கத்திக்கு மேலே இருப்பதையும் தரைக்குள் மறைந்திருப்பதையும் விட்டுவிட்டுப் போட்ட கோட்டால் காட்டுவார்கள். பரண், சன்ஷேடு, தலைக்கு மேலே ஓடுகிற பீம் இந்த வகை.

எனக்குச் சட்டென்று நம்ம இலக்கணம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வல்லினம், இடையினம், மெல்லினம். அப்படியே சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் காலனியில் வல்லினக் கோடு, மெல்லினக் கோடு என்றுதான் பேசுகிறார்கள்.

இந்தக் கனத்துக்கு அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 128 என்கிற உலகத் தர வரிசையில் கோடுகளின் தடிமன் 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0 மில்லி மீட்டர் என்று ஏறிக்கொண்டே போய் 2 மில்லி மீட்டரில் முடிகிறது. ஒவ்வொன்றும் முன்னதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏன் இந்தக் கணக்கு என்றால், ஏ4 தாளை ஏ3 தாளாகப் பெரிதாக்கும்போது நீளமும் அகலமும் அதே 1.4 மடங்குதான் கூடுகிறது. 0.25 கோடு 0.35 கோடாகிவிடும். பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் வரிசைக்குள்ளேயே நிற்கும். ஏ1 தாளில் போட்ட படத்தை ஏ3 தாளில் எடுத்தால் இரண்டு படி இறங்கிப் பாதியாகும். 0.18 மெல்லினம் 0.09 ஆகிவிடும். சாதாரண ஜெராக்ஸ் மிஷினில் அது நிற்குமா? சில கோடு காணாமல் போகும், சில கோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சித்தப்பாவின் நாலு நாள் கூலி போனது இந்த இடத்தில்தான். அவருக்குப் படம் பார்க்கத் தெரியாததால் போகவில்லை. பார்க்க லாயக்கான படத்தை அவரிடம் கொடுக்காததால் போனது.

முன்பெல்லாம் இந்தக் கோடுகளைக் கையால் மைப் பேனாவில் போட்டார்கள். ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு பேனா. அடையாளத்துக்குப் பேனாவில் நிற வளையம் இருக்கும். 0.25க்கு வெள்ளை, 0.35க்கு மஞ்சள், 0.5க்கு பழுப்பு, 0.7க்கு நீலம். 1982ல் ஆட்டோகேட் வந்தது. கம்ப்யூட்டரில் போட்டதைத் தாளில் இழுப்பதற்கு, பேனா மாட்டிய பிளாட்டர் என்ற மிஷின். திரையில் சிவப்பாக இருக்கிற கோட்டை இந்தப் பேனாவால் இழு, பச்சையை அந்தப் பேனாவால் இழு என்று மிஷினுக்குச் சொல்லி வைப்பார்கள். கோட்டுக்கே நேரடியாகத் தடிமன் கொடுக்கிற வசதி 1999ல் வந்த ஆட்டோகேட் 2000ல்தான் சேர்ந்தது. ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பல அலுவலகங்களில் நிறத்தை வைத்துத்தான் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள். எந்த நிறத்துக்கு எவ்வளவு கனம் என்பதற்குத் தனியாக ஓர் அட்டவணை, சி.டி.பி. என்று பெயர். திரையில் பார்த்தால் பெரும்பாலும் எல்லாக் கோடும் ஒரே மெல்லிசுதான். அச்செடுக்கும்போது அந்த அட்டவணைதான் ஒன்றைத் தடியாக்குகிறது, ஒன்றை இளைக்க வைக்கிறது.

இதைக் கேட்டதும் ஒரு பையன், "அக்கா, வர்ணத்த வச்சித்தான் இங்கயும் பெரிசு சின்னதா?" என்றான். அவள், "ஆமாண்டா. ஆனா இந்த அட்டவணைய ஒரு நிமிசத்துல மாத்திடலாம். வேற அட்டவணையப் போட்டா நேத்து மெலிசா வந்த கோடு இன்னைக்குக் கனமா வரும்" என்றாள். நான் அந்த இடத்தில் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. வேண்டியிருக்கவில்லை.

ஒரு விசயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வல்லினக் கோடு போட்டால் அது உசத்தி, மெல்லினம் போட்டால் மட்டம் என்று இந்த முறையில் இல்லை. பூஜை அறைச் சுவரும் கக்கூஸ் சுவரும் ஒரே கனம்தான். அடுக்குமாடி வீடுகளில் வேலைக்காரப் பெண்ணுக்கென்று பின்பக்கம் தனிக் கக்கூஸ் வைத்திருப்பார்கள். அந்தச் சுவருக்கும் முதலாளி அறைச் சுவருக்கும் கோட்டில் பேதம் கிடையாது. பேதத்தை அறையின் அளவில் பார்க்கலாம், வாசல் எந்தப் பக்கம் என்பதில் பார்க்கலாம். கோடு சொல்வது ஒன்றைத்தான்: கத்தி எங்கே போனது?

அன்றைக்கு அந்த வகுப்பை வேறு திசையில் திருப்பியது சித்தப்பாவின் ஒரு கேள்விதான். பிளானின் ஒரு மூலையில், வீட்டுக்கு வெளியே, ஒரு செவ்வகம் மெல்லிசாக விட்டுவிட்டுப் போட்டிருந்தது. நடுவே ஒரு குறுக்குக் கோடு. "இது என்ன தாயி, யாரு கண்ணுக்கும் படாத மாதிரி போட்டு வச்சிருக்கு?" என்று கேட்டார்.

அது செப்டிக் டேங்க். கக்கூஸ் தொட்டி.

தரைக்குள் இருப்பதால் விட்டுவிட்டுப் போட்ட கோடு. முறைப்படி அது சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் அந்தத் தொட்டி வேலைக்குச் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே தேங்கியிருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும் சாவான். எல்லாரும் ஒரே சாதிக்காரர்களாக இருப்பார்கள். அந்தச் சாவுகளின் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993ல் ஒரு சட்டம். அது போதாமல் 2013ல் இன்னொன்று. பாதுகாப்பு இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம் என்கிறது அது. 1993லிருந்து செத்த ஒவ்வொருவருடைய குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. சாக்கடைச் சாவுக்கு அதையே 30 லட்சமாக்கச் சொல்லி 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. உயிருக்கு விலை ஏறியிருக்கிறது. தொட்டி அதே தொட்டியாகத்தான் இருக்கிறது.

அத்தை மக இன்னொரு தாளை விரித்தாள். அதே தொட்டியின் குறுக்குவெட்டு. செக்‌ஷன் என்பார்கள். இங்கே கத்தி மேலிருந்து கீழாகத் தொட்டிக்குள்ளேயே இறங்கியிருந்தது. பிளானில் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்த தொட்டி இந்தத் தாளில் கன்னங்கரேல் என்று வல்லினக் கோட்டில் நின்றது. எவ்வளவு ஆழம், நடுச்சுவர் எத்தனை உயரம், குழாய் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, காற்றுக் குழாய் எது, மூடி எந்த எந்த அறைக்கு மேலே என்று எல்லாம் இருந்தது. தொட்டி ஒன்றுதான். கத்தியை எங்கே வைத்தார்கள் என்பதுதான் வேறு.

எனக்கு அப்போது பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கத்தியை வீட்டுக்காரன் உட்காருகிற, படுக்கிற உயரத்தில் வைத்தால் நம்முடைய சாவு விட்டுவிட்டுப் போட்ட கோடாகத்தான் தெரியும். நம் ஆட்கள் இறங்குகிற இடத்தில் வைத்தால்தான் அது கனக்கும். சாதியைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் நடக்கிறது. "இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா" என்கிறவர்கள் பொய் சொல்வதாகக்கூட இருக்காது. அவர்கள் வைத்த வெட்டில் அது தெரியவில்லை, அவ்வளவுதான். நாம் வேறு இடத்தில் வெட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதை வெறும் உவமையாக விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. அந்தக் குறுக்குவெட்டுத் தாள் அனுமதிக்காக வைத்த கோப்பில் தூங்குகிறது. தொட்டியைச் சுத்தம் செய்ய வருகிறவன் அதைப் பார்த்ததே கிடையாது. வீட்டுக்காரனுக்கே தொட்டி எங்கே என்று தெரிவதில்லை. மூடிக்கு மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள், கார் நிறுத்துகிறார்கள். பிறகு அடைத்துக்கொண்டதும் ஓர் ஆளைக் கூப்பிட்டு உடைத்து இறங்கச் சொல்கிறார்கள். ஆள் இறங்குவதற்கு வசதி செய்து கொடு என்று நாம் கேட்கவில்லை. ஆள் இறங்கவே தேவையில்லாதபடி படத்திலேயே போடு என்கிறோம். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி, தரைமட்டத்தில், எதுவும் மூடாமல். லாரியின் குழாய் நேராக எட்டுகிற இடத்தில் தொட்டி. இவ்வளவும் கம்ப்யூட்டரில் நாலு கோட்டை நகர்த்துகிற வேலை. அந்தக் குறுக்குவெட்டைக் கெட்டியான எழுத்தில் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே பதித்து வைக்கலாம். மீட்டர் பெட்டிக்கு மேலே எச்சரிக்கைப் பலகை மாட்டுகிறோம் இல்லையா, அந்த மாதிரி.

தோழர்கள் தங்கள் பகுதி இரவுப் பள்ளிகளில் இதையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும். பிளானைக் கையில் கேட்டு வாங்குங்கள். முழு அளவுத் தாளா, சுருக்கிய நகலா என்று முதலில் பாருங்கள். கோட்டின் கனம் சந்தேகமாக இருந்தால் இன்ஜினியரிடம் கேட்டு, அவர் சொன்னதை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கல்லை வையுங்கள். அப்புறம் எவனும் கூலியைப் பிடிக்க முடியாது. எங்கள் காலனியில் இப்போது மூன்று பெண்பிள்ளைகள் ஐ.டி.ஐ.க்கு மனுப் போட்டிருக்கிறார்கள். நாளைக்குக் கத்தியை எங்கே வைப்பது என்று முடிவு பண்ணுகிற நாற்காலியில் அவர்களில் ஒருத்தி உட்காருவாள். அவள் போடுகிற படத்தில் அந்தச் செவ்வகம் எந்தக் கனத்தில் வரும் என்று எனக்குச் சந்தேகமில்லை.