வலிக்காக ஒரு ஸ்தோத்திரம்

1/ சபையில் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால் எல்லாரும் சொல்வோம். வேலைக்கு, பிள்ளைகளுக்கு, சுகத்துக்கு, நேற்றுப் பெய்த மழைக்கு. வலிக்காக யாரும் ஸ்தோத்திரம் சொல்லி நான் கேட்டதில்லை. விட்டுப்போன அந்த ஒன்றைப் பற்றி, ஒரு டாக்டராக, இந்த த்ரெட்.

2/ தேன்கனிக்கோட்டையில் ஓ.பி. பார்த்தால் வலியை நாலு பாஷையில் கேட்கலாம். தமிழில் வலி, தெலுங்கில் நொப்பி, கன்னடத்தில் நோவு, உருதுவில் தர்த். இதற்கெல்லாம் எனக்குப் பயமில்லை. பாதத்தில் இவ்வளவு பெரிய புண்ணோடு வந்து, "நொப்பி லேது சார்" என்று சிரிக்கிறவரைப் பார்த்தால்தான் பயம்.

3/ சுகர் பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்பு கெடும். முதலில் அடிபடுவது பாதம். உடம்பிலேயே நீளமான நரம்புகள் அங்கேதான் போகின்றன. சிலருக்கு எரிச்சல், சிலருக்கு மதமதப்பு. கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும். ஆணி ஏறினாலும் தெரியாது.

4/ இந்தப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும். அஞ்செட்டி, ஜவளகிரி பக்கமெல்லாம் ராத்திரி முழுக்க நிலத்தில் தீ மூட்டிக் காவல் இருப்பார்கள். கடும் குளிர் வேறு. அப்படிக் காவல் இருந்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) தீப்பக்கம் காலை நீட்டியபடியே தூங்கிவிட்டார்.

5/ வலி இருந்திருந்தால் தூக்கத்திலேயே காலை இழுத்திருப்பார். காலையில் கொப்புளத்தைப் பார்த்தது அவர் மனைவி. "நோகவே இல்ல, விடு" என்று மஞ்சள் பூசிக்கொண்டு பத்து நாள் நிலத்துக்குப் போயிருக்கிறார். எங்களிடம் வரும்போது இரண்டு விரல் கறுத்துவிட்டது. இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று.

6/ வலி எவ்வளவு பெரிய கிருபை என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்ன டாக்டர் பால் பிராண்ட், நம்ம கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். பெற்றோர் மிஷனரிகள். அப்பா அந்த மலையிலேயே 1929-ல் காய்ச்சலில் இறந்தார். மகன் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு சர்ஜனாக வந்தார்.

7/ தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று அப்போது நம்பினார்கள். பிராண்ட் கவனித்தது வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது. மீதியை சூடான பாத்திரமும் கல்லும் முள்ளும் செய்கின்றன. தூங்கும்போது எலி விரலைக் கடித்ததுகூட சிலருக்குத் தெரியவில்லை. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்!

8/ ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து சாக்ஸைக் கழற்றினால், அவருக்கே குதிகாலில் உணர்ச்சி இல்லை. தொழுநோய் தொற்றிவிட்டது என்றே நினைத்தார். ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்தார். வலித்தது! ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காகத் தேவனுக்கு நன்றி சொன்னார்.

9/ ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா வலியையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பதும் கிருபைதான். நான் சொல்வது, சூடு பட்டதும் கையை இழுக்க வைக்கிற காவல்கார வலியை.

10/ 1 கொரிந்தியர் 12-ல் பவுல் சபையை ஒரு உடம்பாகப் பார்க்கிறார். ஒருத்தருக்கு நொந்தால் கூட இருக்கிறவருக்கும் நோக வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அது வைத்தியமாகவும் வேலை செய்யும் என்று காட்டியது அந்த விவசாயியின் மனைவி.

11/ தினமும் ராத்திரி அவர் காலை மடியில் எடுத்து வைத்து, செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறார் அந்த அம்மா. விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால். காலையில் செருப்பை உதறிப் பார்த்துத்தான் கொடுப்பார். சின்னக் கீறல் என்றாலும் முதல் பஸ்ஸில் கூட்டி வந்துவிடுவார். "அவருக்கு நோகல சார், எனக்குத்தான் நோகுது."

12/ அவங்க சபைக்கு வருகிறவங்க இல்லை. ஆனால் சீஷர்களின் காலைக் கையில் எடுத்துக் கழுவிய ஆண்டவரை எனக்கு ஞாபகப்படுத்துவது அவங்கதான். அவர் இழந்த உணர்ச்சி இன்னொருத்தர் வழியாகத் திரும்பக் கிடைத்திருக்கிறது. மீதி விரல்கள் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன.

13/ வீட்டில் சுகர் உள்ளவர் இருந்தால்: தினமும் பாதத்தைப் பாருங்கள், தெரியாவிட்டால் கண்ணாடி வையுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு, மதமதப்பு வந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு நல்லது. வெந்நீர் ஒத்தடம், தீக்காய்தல் வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம். வருஷம் ஒரு தடவை டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்யுங்கள். வலி இல்லாத புண்ணுக்கு உடனே வாங்க.

14/ ஷூவுக்குள் சின்னக் கல் உறுத்தினால் ஷிஃப்ட் நடுவிலேயே நின்று கழற்றி உதறுகிறோமே, அந்த உறுத்தல் தினமும் நமக்குக் கிடைக்கிற ஆசீர்வாதம். அடுத்த தடவை முள் குத்தினால் "ஆ"ன்னு கத்திட்டு, ஒரு ஸ்தோத்திரமும் சொல்லிடுங்க.