உப்பு பிந்திய தோல்

நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் 2020 மே மாதம் சுருக்குக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி அது செத்துப்போனது. அதற்கு முன்னும் பின்னும் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கம்பிக்குப் பலியான சிறுத்தைகள் பல. இப்படி ஒன்று சாகும்போது, உடலையாவது பாடம் செய்து பிள்ளைகள் பார்க்க வைக்கலாமே என்ற யோசனை எழுவது இயல்பு. வைக்கலாம் என்பதே என் கருத்தும். ஆனால் கம்பி அறுத்த இடத்தைத் தைத்து மறைத்துத்தான் வைப்பார்கள் என்றால் வேண்டாம் என்பேன். பழுதான தோலைப் பாடம் செய்யும் தொழில் எப்படிக் கையாண்டு வந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

பழுது என்றதும் குண்டு துளைத்த ஓட்டைதான் நினைவுக்கு வரும். தொழிலில் அது சின்ன விஷயம். தோலை ஊறவைத்து, உட்புறம் திருப்பி, விளிம்பைச் சீராக்கி நெருக்கமாகத் தைத்தால் மயிர் மூடிக்கொள்ளும். மயிர் கழன்ற தோலுக்குத்தான் மருந்தில்லை. மிருகம் விழுந்த சில மணி நேரத்துக்குள் உரித்து, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி, உப்பை அள்ளித் தேய்க்க வேண்டும். பிந்தினால் பாக்டீரியா மயிர்க்கால்களை அழித்துவிடும். தொட்ட இடமெல்லாம் மயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். முதலில் கெடுவது காது, உதடு, இமை, பாதம். காதின் முன்தோலுக்கும் பின்தோலுக்கும் நடுவே குருத்தெலும்பு கிடக்கிறது. இரண்டையும் பிரித்துக் காதை உள்வெளியாகப் புரட்டாவிட்டால் உப்பு அங்கே எட்டாது. உதட்டையும் உட்புறமாகப் பிளந்து விரிக்க வேண்டும். மலையகத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. நுவரெலியாக் குளிர் அழுகலைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாது, தோல் காயாது. அவசரப்பட்டு அடுப்படியில் விரித்தால் சூட்டில் வெந்துவிடும். வெந்த தோல் எத்தனை நாள் ஊறினாலும் இளகாது. இழுத்தால் அப்பளமாக நொறுங்கும்.

ஆக, பாடம் செய்பவரின் கைக்கு வருமுன்பே தோலின் தலைவிதி தீர்மானமாகிவிடுகிறது. 1900 வாக்கில் மைசூரில் தொடங்கி 1999 வரை நடந்த வான் இங்கன் நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். பல்லாயிரம் புலி, சிறுத்தைத் தோல்களைக் காகிதக்கூழ் உருவங்கள்மேல் போர்த்தி உலகப் பெயர் வாங்கிய நிறுவனம் அது. காட்டிலேயே தோலைக் காப்பது எப்படி என்று வேட்டைக்காரர்களுக்கு ஒரு கைநூலும் போட்டது. வாடிக்கையாளருக்குப் புத்தகம் போட வேண்டி வந்ததென்றால், வந்து சேர்ந்த சரக்கின் லட்சணத்தை ஊகித்துக்கொள்ளலாம். கைநூலைப் படித்தவர் வேட்டையாடிய துரை. கத்தி பிடித்தவரோ பெரும்பாலும் கூலியாள். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பின் சுவர்களில் இன்றும் பாடம் செய்த தலைகள் தொங்குகின்றன. இத்தகைய சுவர்கள் சுட்டவரின் பெருமையைச் சொல்லும், பாடம் செய்தவரின் முத்திரையையும் சில சமயம் காட்டும். உரித்தவருக்கு அங்கே இடமில்லை. காது சுருங்கியிருந்தால் பழியில் மட்டும் அவருக்குப் பங்குண்டு. மிஞ்சிய வழுக்கையை வேறொரு தோலின் துண்டை ஒட்டியோ வர்ணம் பூசியோ மூடிக் கொடுப்பார்கள். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியது, தான் கொன்ற மிருகம் காயமே படாததுபோல நிற்கும் தோற்றத்தை. அந்தக் காலத்து வியாபாரத்தில் அது நியாயமாகவே இருந்திருக்கலாம்.

இப்போது அந்த வாடிக்கையாளர் இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சிறுத்தையைக் கொல்வதைக் குற்றமாக்கியிருக்கின்றன. சட்டப்படி தோலைக் கொண்டுவரக்கூடிய இடம் வனஜீவராசிகள் திணைக்களமோ நூதனசாலையோதான். அவர்களுக்கு மறைக்க வேண்டிய பெருமை எதுவுமில்லை. மேலும் கம்பிக் காயம் குண்டுக் காயம் போன்றதல்ல. மிருகம் திமிறத் திமிற, கழுத்தையோ இடுப்பையோ சுற்றிய கேபிள் சதைக்குள் இறங்கும். உயிர் இருக்கும்போதே அங்கே தோல் கெடத் தொடங்கும். அதைச் சுத்தமாக மூட வேண்டுமானால் ஒட்டுத்தான் போட வேண்டும்.

பிள்ளைகள் பயப்படுவார்களே என்றால், காட்டச் சொல்வது இரத்தத்தை அல்ல, மயிரில்லாத ஒரு வளையத்தைத்தான். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: காயத்தைக் காட்டினால் தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகாதா? கம்பியை வைப்பவர்களில் தோட்டத்து ஆட்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு; இறைச்சிக்காக, அல்லது மரக்கறிப் பாத்தியைக் காக்க. நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு ஒரு பாத்தியின் பெறுமதி என்னவென்று தோட்டக் கம்பனிகளுக்குத் தெரியாதா? தையல் போட்டு மூடிய சிறுத்தை இதில் எதையும் சொல்லாது. "தோட்டத்தான் கொன்றான்" என்ற பேச்சு மட்டும் நிற்கும். காயத்தைக் காட்டி, அருகே அந்தக் கம்பித் துண்டையும் வைத்து, அது யாருடைய நிலத்தில் எதற்காகக் கட்டப்பட்டது என்று எழுதினால் கேள்வி தோட்ட நிர்வாகம் வரை போகும்.

காயத்தை அப்படியே விட்டால் பாடம் செய்பவரின் திறமைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், தோல் காயும் விதத்தை யோசிக்க வேண்டும். உலரும்போது தோல் சுருங்கும். வெட்டு விளிம்பு சுருண்டு காயம் அகலும். கம்பி அறுத்த அளவிலேயே அதை நிறுத்த, அட்டை வைத்து ஊசி குத்தி, தோல் உலர்ந்து முடியும்வரை அடிக்கடி சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தைத்து மூடுவதைவிட இது கூடுதல் வேலை. கூலி பேசும்போது திணைக்களம் அதையும் சேர்த்துப் பேசட்டும்.